கடல் கடந்த கல்வியும் வீட்டுச் செலவும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்

வெளிநாட்டுப் படிப்பு என்றவுடன் நம்மில் பலருக்கு விமானமும் பனி மூடிய வீதிகளும் கண்முன் தோன்றும். எனக்குத் தோன்றுவது ஐம்பது பவுண்டு பணம்.

1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் கணித மேதை சீனிவாச இராமானுஜன் சென்னைத் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை அளித்தது. அதில் 50 பவுண்டு ஊரில் இருந்த அவருடைய குடும்பத்திற்கென்று ஒதுக்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி தன் பங்காக 60 பவுண்டு கொடுத்தது. இராமானுஜனைப் பற்றி எழுதுவோர் தேற்றங்களைச் சொல்வார்கள்; நாமகிரித் தாயாரைச் சொல்வார்கள்; இந்த 50 பவுண்டை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். நம் போன்றோர் நின்று படிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.

ஏனெனில் அவரும் நம்மைப் போல ஓர் அரசுக் கல்லூரியில் படித்தவரே. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனம் செல்லாமையால் தேர்வில் தவறி, அந்த உதவித்தொகையை இழந்தார். பட்டம் பெறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் ஆனார். மறு ஆண்டு பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. ஆக, அவர் கப்பலேறும் வேளையில் ஒரு வீட்டின் சம்பாத்தியக்காரர். அவரை அனுப்புவது என்றால் அந்த வீட்டின் வருமானத்தையும் சேர்த்து அனுப்புவதாகும். இதை அன்றைய பல்கலைக்கழகத்தார் புரிந்துகொண்டிருந்தனர் என்பதே என்னை வியக்க வைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நோயுற்றிருந்த இராமானுஜன், ஊர் திரும்பும் முன் 1919 ஜனவரியில் பல்கலைக்கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். மேற்கொண்டு தமக்குத் தருவதாகச் சொன்ன தொகை தம் தேவைக்கு அதிகம் என்றும், அதில் ஆண்டுக்கு 50 பவுண்டைத் தம் பெற்றோருக்குக் கொடுத்துவிட்டு, தம் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அனாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்திற்கும் புத்தகங்களுக்கும் செலவிடலாம் என்றும் கேட்டுக்கொண்டார். அங்கும் அதே 50 பவுண்டு!

அண்ணல் அம்பேத்கரின் கதை வேறு வகை. 1913இல் பரோடா சமஸ்தானம் மாதம் பதினொன்றரைப் பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்குக் கொடுத்த உதவியால் அவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பிறகு இலண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பரோடாவில் வேலை பார்க்கச் சென்றால், தங்குவதற்கு வீடு கொடுப்பாரில்லை. சேமித்தும் கடன் வாங்கியும் 1920இல்தான் மீண்டும் இலண்டன் போக முடிந்தது. அத்தகைய அறிவாளிக்கே பணம் தீர்ந்ததும் படிப்பு நின்றது.

இனி நம் கதைக்கு வருவோம். நம் ஊருக்கு வெளிநாட்டார் புதியவர்கள் அல்லர். கிரிவலப் பாதையில் அவர்களோடு நாமும் நடக்கிறோம். அவர்கள் இங்கு வருவது எளிதாயிருப்பதைப் பார்த்து, நாம் அங்குப் போவதும் அப்படித்தான் என்று எண்ணிவிடுகிறோமோ என்னவோ! "பத்திரம் இருந்தால் போதும் தம்பி, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு முகவர் என்னிடம் சொன்னார். எங்கள் வீட்டில் இருப்பது மல்லாட்டை விளையும் ஒன்றேகால் ஏக்கர் மானாவாரி நிலம்.

பத்திரத்தை ஏன் கேட்கிறார்கள்? வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 இலட்சம் வரை பெற்றோர் கையெழுத்து போதும். அதற்கு மேல் ஏழரை இலட்சம் வரை வேறொருவர் ஜாமீன் தேவைப்படலாம். ஏழரை இலட்சத்தைத் தாண்டினால் நிலமோ வீடோ அடமானம். வெளிநாட்டுப் படிப்புக்கு மொத்தச் செலவில் நூற்றுக்கு 15 பங்கு நாம் போட வேண்டும். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்கிறார்கள், அதுவும் உண்மையே. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ, அதாவது ஏறத்தாழ 12 இலட்சம் ரூபாய், முடக்கப்பட்ட கணக்கில் காட்ட வேண்டும் என்பதை இரண்டாம் மூச்சில்தான் சொல்வார்கள்.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு, சற்றுச் சுற்று வழி. நம் பி.எஸ்ஸி. மூன்றாண்டுப் படிப்பு. பள்ளியின் பன்னிரண்டையும் சேர்த்தால் பதினைந்து ஆண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல பதினாறு ஆண்டுக் கல்வி கேட்கின்றன. எனவே இங்கேயே எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுப் போவது காலவிரயம் அன்று. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கும் ஜாம் தேர்வை எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேரலாம், அரசுக் கல்லூரி மாணவனும் எழுதலாம். அதன்பின் அறிவியலில் பிஎச்.டி.க்கு அமெரிக்கா சென்றால், பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வகுப்பெடுக்கும் பணிக்கோ ஆராய்ச்சிப் பணிக்கோ மாதந்தோறும் ஊதியமும் தருகிறார்கள். பணம் கொடுத்துப் படிப்பது முதுகலை. பணம் வாங்கிப் படிப்பது முனைவர் பட்டம். இந்த வேறுபாட்டை எந்த முகவரும் விளக்குவதில்லை. அவருக்கு அதில் வருமானம் இல்லை!

மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் நடக்கிறது. தாழ்த்தப்பட்டோர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. ஆண்டுக்கு 125 இடங்கள், குடும்ப வருமானம் 8 இலட்சத்துக்குள் இருக்க வேண்டும், 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும் மட்டுமே. தமிழக ஆதிதிராவிடர் நலத்துறையிலும் இத்தகைய உதவி உண்டு. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைத் திட்டத்தில் எந்நாட்டவரும் போட்டியிடலாம். தேர்வானால் கட்டணமின்றி மாதம் 1,400 யூரோ.

தேசிய உதவித்தொகையில் கட்டணம், பராமரிப்பு, விமானச் செலவு, விசா, மருத்துவக் காப்பீடு எல்லாம் அடங்கும். வீட்டுக்கென்று எதுவும் இல்லை. 1914இல் இருந்த 50 பவுண்டு அதில் எங்கே என்று தேடினேன்; காணோம். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. என் பட்டம் முடிகிற மாதத்தையே வீட்டில் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எம்.எஸ்ஸி. என்றாலே இன்னும் இரண்டாண்டு. "அதுவரைக்கும் என்ன செய்யறது?" என்று அப்பா கேட்டதற்கு, மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று கூறியிருக்கிறேன். அவர் இன்னும் தலையசைக்கவில்லை.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு: கடவுச்சீட்டு. கட்டணம் 1,500 ரூபாய். நம் சான்றிதழ்களில் தந்தை பெயர் வெறும் முதலெழுத்தாக நிற்கிறது. கடவுச்சீட்டிலோ அதை விரித்து எழுத வேண்டும். ஆதாரில் ஒரு விதம், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதம், கல்லூரி ஏட்டில் வேறு விதம் என்று எழுத்துக்கூட்டு மாறியிருந்தால், விண்ணப்பிக்கும் நேரத்தில் அலைய வேண்டியிருக்கும். இறுதியாண்டு மதிப்பெண் பட்டியல் அச்சாவதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.