நகர நாயும் கழிமுக நரியும்: மும்பையில் வெறிநோய்த் தடுப்பு

வெறிநோய் நாயோடு நின்றுவிடும் நோய் அன்று. மனிதன், கால்நடை, காட்டு விலங்கு ஆகிய அனைத்தையும் அது ஒரே சங்கிலியில் பிணைக்கிறது. அறிகுறிகள் தோன்றியபின் இந்நோய்க்குச் சிகிச்சை இல்லை. மரணம் ஏறத்தாழ உறுதி. எனினும், முற்றிலும் தடுக்கத்தக்க நோயும் இதுவே. ஆண்டுதோறும் உலகில் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகவும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இந்தியர் எனவும் மதிப்பிடப்பட்டுள்ளது.

செம்பூர் தந்த எச்சரிக்கை

மும்பையின் கிழக்குக் கரையில் தாணே கடற்கழியை ஒட்டிய அலையாத்திக் காடுகளில் பொன்னிறக் குள்ளநரிகள் வாழ்கின்றன. 2024 அக்டோபரில் செம்பூர், டிராம்பே பகுதிகளில் இறந்த சில குள்ளநரிகளுக்கு வெறிநோய் இருந்தமை ஆய்வில் உறுதியாயிற்று. இரவில் உணவு தேடி வரும் நரியும், அதே குப்பையை நம்பி வாழும் தெருநாயும் ஒன்றையொன்று கடிக்கும்போது, உமிழ்நீர் வழியே நோய்க்கிருமி இடம் மாறுகிறது.

ஆயினும், நோயின் நிலையான இருப்பிடம் நரி அன்று; நாயே. மனிதருக்கு இந்நோய் வருவதில் 99 விழுக்காடு நாய்களாலேயே நேர்கிறது. ஆப்பிரிக்காவின் எத்தியோப்பியாவில் அரிய ஓநாய்க் கூட்டங்களை இந்நோய் பலமுறை அழித்தது. அங்கும் நாய்களிடமிருந்தே அது பரவியது. எனவே, நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது வனவிலங்குப் பாதுகாப்பும் ஆகும்.

இயற்கையின் கணக்கு

சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் சிறுத்தைகள் ஆண்டுக்குச் சுமார் 1,500 நாய்களை உண்பதாக 2018இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. மறுபுறம், கால்நடைகளுக்கு அளிக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்தன. உண்ணப்படாத இறைச்சி நாய்களுக்கு உணவாயிற்று. இதனால் 1992 முதல் 2006 வரை நாட்டில் ஏறத்தாழ 48,000 பேர் கூடுதலாக வெறிநோய்க்குப் பலியாயினர் என்பது பொருளியல் ஆய்வாளர்களின் கணிப்பு. கால்நடைகளுக்கு இம்மருந்தைப் பயன்படுத்துவது 2006இல் தடை செய்யப்பட்டது.

எழுபது விழுக்காடு ஏன்?

மும்பை மாநகராட்சி 1994 வரை தெருநாய்களைக் கொன்றுவந்தது. பயன் நிலைக்கவில்லை. குப்பை இருக்கும்வரை, காலியான இடத்தைப் புதிய நாய்கள் நிரப்பிவிடும். வெறிபிடித்த ஒரு நாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே நோயைத் தருகிறது. ஆகையால், நூற்றில் 70 நாய்களுக்கு ஊசி போட்டால் சங்கிலி அறுபடும். 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மும்பையின் தெருநாய்கள் 95,172; இதன்படி சுமார் 66,600 நாய்களுக்கு ஊசி தேவை. நாய்களின் ஆயுள் குறைவு. புதிய குட்டிகளும் பிறக்கின்றன. எனவே, இப்பணி ஆண்டுதோறும் நடைபெற வேண்டும். தாராவியில் ஊசி போட்டு, அடுத்துள்ள மாட்டுங்காவை விட்டுவிடுவதாலும் பயனில்லை. நாய்கள் வட்டார எல்லைகளை அறியா.

இதில் சிக்கனமும் அடங்கியுள்ளது. கடிபட்ட மனிதருக்குப் பல தவணை ஊசியும் சில வேளைகளில் விலையுயர்ந்த எதிர்ப்புப் புரத மருந்தும் தேவை. நாய்க்கு ஆண்டுக்கு ஓர் ஊசி போதும். 2021 செப்டம்பர் 28 அன்று தொடங்கப்பட்ட தேசியச் செயல்திட்டம், நாய்வழி வெறிநோயை 2030க்குள் ஒழிக்க இலக்கு வகுத்துள்ளது. 2023ஆம் ஆண்டு விதிகள் கருத்தடையையும் தடுப்பூசியையும் உள்ளாட்சிகளின் பொறுப்பாக்கியுள்ளன.

மக்கள் செய்ய வேண்டுவது

தாராவியின் தினக்கூலித் தொழிலாளிக்கு மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பே. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சமும் சிலரிடம் நீங்கவில்லை. ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்ட அந்த மருந்து 2004இன் இறுதியில் கைவிடப்பட்டது. இன்று சில ஊசிகள், அவையும் கையிலேயே. கடித்த விலங்கு நாயாயினும் நரியாயினும், காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

குப்பை அகற்றுவோர், கால்நடை மருத்துவர், வனத்துறையினர், சுகாதாரப் பணியாளர் ஆகியோர் தனித்தனியே இயங்கும்வரை நோய் அவர்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில் வாழும். செம்பூரின் நரி விடுத்த எச்சரிக்கை அவ்விடைவெளியை மூடவேண்டும் என்பதே.