கிதாரோடு வந்த கள்ளுக்கடைப் பாட்டு



புத்திமதி சொல்லும் பாட்டு என்றாலே நமக்குக் கொட்டாவி வரும். ஆனால், "கள்ளுக்கடைப் பக்கம் போகாதே" என்ற பாட்டு ஒரு தலைமுறையையே ஆட வைத்தது. எழுதி, மெட்டுப் போட்டு, பாடியவர் யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். 1960-களின் கடைசியில், கிதாரும் கையுமாக, போர்த்துகீசியர் வழிவந்த பைலா தாளத்தில் நம் பேச்சுத்தமிழை ஏற்றிவிட்டார். "சின்ன மாமியே" பாட்டும் அவருடையதுதான். இலங்கைத் தமிழ் பொப் இசையின் முன்னோடி என்றே அவரைச் சொல்கிறார்கள். இத்தனைக்கும் அவர் படித்தது விவசாயம், பிழைப்புக்குப் பார்த்தது ஆசிரியர் வேலை! பின்னாளில் ஆஸ்திரேலியாவில் குடியேறினார்.

அதே அலையில் வந்தவர் ஏ.ஈ. மனோகரன். "சுராங்கனி" பாடிப் புகழ்பெற்று, சென்னைக்கு வந்து சினிமாவில் வில்லனாகவும் நடித்தார். 2018-இல் காலமானார். அந்த "சுராங்கனி" 1977-இல் "அவர் எனக்கே சொந்தம்" படத்தில் இளையராஜா இசையிலும் ஒலித்தது.

நித்தியின் பாட்டு கள்ளைப் பற்றியது. கேலியும் கிண்டலுமாகப் போகும். ஆனால், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையில் போலீசார் தேடித்தேடி அழிக்கும் சாராய ஊறல் வேறு சங்கதி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம். மெத்தனால் கொஞ்சம் உள்ளே போனாலும் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். சாராயம் குடித்தவருக்குக் கண் மங்கினால், வயிறு வலித்தால், வாந்தி வந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.