கவர் போட்ட ஸ்ட்ராவா, லூஸ் ஸ்ட்ராவா? – கடைக்காரர் போட வேண்டிய கணக்கு

பங்குனி பிறந்துவிட்டால் நமது வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் வெயில் தன் வேலையைக் காட்டத் தொடங்கிவிடும். இளநீர் வண்டிக்காரர், ஜூஸ் கடைக்காரர், ரோஸ் மில்க் விற்பவர், பிரியாணிக் கடை நடத்துபவர் என்று எங்கள் மொத்தக் கடைக்கு வருவோர் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பாய், கவர் போட்ட ஸ்ட்ரா எடுக்கலாமா, லூஸ் எடுக்கலாமா?"

விலை குறைந்ததை எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு வேலை மிச்சம். ஆனால் அது முறையான பதில் ஆகாது. பைசாக் கணக்கில் வரும் சரக்குதானே என்று இதில் நாம் அலட்சியம் காட்டினால், போவது பைசா அல்ல, வாடிக்கையாளர்.

சட்டம் முதலில்

தமிழ்நாட்டில் 1-1-2019 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ரா தடை செய்யப்பட்ட பொருள். மத்திய அரசின் தடை 1-7-2022 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. சிறிய அட்டைப் பெட்டிகளில் பழரசமும் மோரும் விற்கும் பெரிய கம்பெனிகள் அப்போது கால அவகாசம் கேட்டுப் பார்த்தன. கிடைக்கவில்லை. அவர்களே காகித ஸ்ட்ராவுக்கு மாற வேண்டியதாயிற்று. பெரியவர்களுக்கே இந்த நிலை என்றால், பழைய பிளாஸ்டிக் கட்டு ஒன்றைப் பரணில் வைத்திருக்கும் சிறு கடைக்காரரை யார் விடப் போகிறார்கள்?

ஆகவே கவர் உண்டா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. குழல் காகிதமா என்பதே முதல் கேள்வி. கவரும் காகிதமாக இருப்பதே நல்லது. 'மக்கும் பிளாஸ்டிக்' என்று அச்சிட்டு வரும் சரக்கை அந்த எழுத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். தயாரிப்பாளரிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று இருக்கிறதா என்று கேட்டு, அதன் நகலை பில்லோடு வாங்கி வையுங்கள்.

காகிதக் குழல் ஒன்றும் புதுமை அல்ல. அமெரிக்காவில் மார்வின் ஸ்டோன் என்பவர் 1888-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். இடையில் வந்த பிளாஸ்டிக்தான் புதியது.

கவர் எதைக் காக்கும், எதைக் காக்காது?

நம் பெரியவர்கள் டம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்தார்கள். எச்சில் படக்கூடாது என்ற அதே எண்ணத்தில்தான் இன்று வாடிக்கையாளர் ஸ்ட்ரா கேட்கிறார். அந்த ஸ்ட்ராவை, நோட்டு வாங்கிய ஈரக்கையால், அவர் வாய் வைக்கும் முனையைப் பிடித்து நாம் நீட்டினால் அவர் மனம் என்ன பாடுபடும்? அதற்குத்தான் கவர். கைபடாமலும் தூசி படியாமலும் அது காக்கும்.

ஆனால் ஈரத்தையும் வாசனையையும் மெல்லிய காகிதக் கவர் தடுக்காது. இதை நாங்கள் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். ஒரு மழைக்காலத்தில் குடோனில் ஊதுபத்திப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரா பெட்டிகளை அடுக்கிவிட்டோம். ரோஸ் மில்க் விற்கும் நண்பர் நான்காம் நாளே திருப்பிக் கொண்டுவந்தார். "குடிக்கிறவங்க எல்லாம் ஊதுபத்தி வாசனை அடிக்குதுன்னு சொல்றாங்க பாய்." லூஸ் கட்டு, கவர் போட்டது இரண்டிலும் அதே வாசனை. குற்றம் எங்களுடையது, சரக்கை மாற்றிக் கொடுத்தோம். பச்சைத் தோலுக்குக் காலத்தில் உப்புப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் சொல்லித் தர வேண்டியதில்லை. காகிதச் சரக்கும் அப்படித்தான், வைக்கும் விதத்தில்தான் அதன் ஆயுள்.

யாருக்கு எது?

பார்சல் அனுப்பும் கடை, வாடிக்கையாளரே கையை விட்டு எடுத்துக்கொள்ளும் கடை, நெடுஞ்சாலைத் தூசியில் நிற்கும் வண்டி ஆகியவற்றுக்குக் கவர் போட்டதே பொருத்தம். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளியை அழைத்து வந்தவர் வாங்கும் இளநீர் அது. அங்கே கவர் என்பது அலங்காரம் அல்ல.

ஒரே ஆள் நின்று ஊற்றிக் கொடுத்து, வாடிக்கையாளர் அங்கேயே குடித்துவிட்டுப் போகும் கடைக்கு லூஸ் போதும். ஆனால் மூடியுள்ள டப்பா வேண்டும், எடுக்க இடுக்கி வேண்டும், காசு வாங்கும் கை வேறாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் முடியாது என்றால் கவர் போட்டதையே வாங்குங்கள். செய்தித்தாளில் சுற்றி வைப்பது மாற்று ஆகாது. உணவுப் பொருளைச் செய்தித்தாளில் சுற்றக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. வாயில் வைக்கும் குழலுக்கும் அந்தக் கட்டுப்பாடு வேண்டும்.

கணக்கு

விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை ஒன்றே. கவருக்காக ஒன்றுக்கு 10 பைசா கூடுதல் என்றும், நாளொன்றுக்கு 200 டம்ளர் விற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நாளைக்கு 20 ரூபாய், மாதத்துக்கு 600 ரூபாய். இதில் லூஸ் ஸ்ட்ராவில் ஆகும் சேதாரத்தைக் கழியுங்கள். டம்ளரில் நிறுத்தி வைத்தால் ஒருவர் இரண்டு எடுப்பார், குழந்தை நான்கு எடுக்கும், கீழே விழுந்ததை எறிய வேண்டும். ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். மிஞ்சுவதுதான் கவரின் உண்மையான விலை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். குழைந்தாலும் சாயம் இறங்கினாலும் அந்தச் சரக்கு வேண்டாம்.

2. அளவு பாருங்கள். ஜூஸுக்கு 6 மி.மீ. குழல் போதும். இளநீருக்கு நீளமானதும், மில்க் ஷேக்குக்கு அகலமானதும் தேவை.

3. மழைக்காலத்தில் பதினைந்து நாள் சரக்குக்கு மேல் கட்டி வைக்காதீர்கள். தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். சோப்பு, ஊதுபத்தி, மசாலா பக்கம் வேண்டாம்.

4. கேட்டவருக்கு மட்டும் கொடுங்கள். சரக்கும் மிச்சம், குப்பையும் குறைவு.

எங்கள் அனுபவத்தில் நடுத்தரக் கடைக்குச் சிறந்த வழி இரண்டையும் வைத்திருப்பதே. பார்சலுக்கும் நோயாளிக்கும் கவர் போட்டது, கடையில் குடிப்பவருக்கு மூடிய டப்பாவிலிருந்து லூஸ். வாங்கிப் போனவர் மறுநாளும் நம் கடைப்படி ஏற வேண்டும். அதை மனத்தில் வைத்துக் கொள்முதல் செய்தால் கணக்கு ஒருநாளும் தவறாது.