தென்னையைச் சாய்க்கும் காளான் சர்க்கரை நோயைத் தீர்க்குமா?

டப்பாவில் வரும் “அதிசய மருந்து”: உண்மை என்ன?

தூத்துக்குடி:-

தென்னை மரத்தின் தூரில் முளைத்தால் அது எமன். டப்பாவில் அடைத்து விற்றால் “அமிர்தம்”!

ஒரே குடும்பத்துக் காளானுக்கு இப்படி இரண்டு வேஷம். அதன் பெயர் “கானோடெர்மா”. சீனாக்காரர்கள் “லிங்சி” என்கிறார்கள். ஜப்பான்காரர்கள் “ரெய்ஷி” என்கிறார்கள். பொடி, மாத்திரை, காபித்தூள், பற்பசை, சோப்பு என்று பல உருவத்தில் அது விற்பனைக்கு வருகிறது.

சர்க்கரை வியாதி, ரத்தக்கொதிப்பு, மூட்டு வலி, புற்றுநோய்... எதைச் சொன்னாலும் “அதுக்கும் இதுதான் மருந்து” என்று சொல்லி விற்பவர்கள் உண்டு.

உண்மையில் அது என்ன செய்யும்? என்ன செய்யாது? உப்பளத்தில் வெயிலில் நின்றும், சங்கு குளித்தும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியும் சேர்த்த காசை இதில் போடலாமா?

ரத்தம் கசியும் மரம்

முதலில் தென்னையின் கதை. 1952-ம் ஆண்டு தஞ்சாவூர் மாவட்டத்தில் தென்னை மரங்கள் வாடிச் சாகத் தொடங்கின. அதனால் இந்த நோய்க்கு “தஞ்சாவூர் வாடல் நோய்” என்றே பெயர் வந்துவிட்டது. செய்த குற்றவாளி கானோடெர்மா காளான்.

இது மண்ணுக்குள் இருந்து வேர் வழியாக ஏறும். வேர் அழுகும். தூர்ப் பக்கத்துப் பட்டை வெடித்து, செம்பழுப்பு நிறத்தில் சாறு கசியும். பார்த்தால் மரம் ரத்தம் வடிப்பது போல இருக்கும். பிறகு அடிமட்டைகள் வாடித் தொங்கும். குரும்பை உதிரும். கடைசியில் மரமே மொட்டையாகும்.

தூரில் விசிறி போல, வார்னிஷ் அடித்தது போல பளபளப்பான காளான் வெளியே தெரியும்போது அநேகமாக எல்லாம் முடிந்திருக்கும். கள்ளன் கதவைத் திறந்து வெளியே வருவது போலத்தான்!

கடலோரத்து மணற்பாங்கான நிலம், மானாவாரித் தோப்பு, கவனிப்பு இல்லாத தோப்பு... இவை அதற்குப் பிடித்த இடங்கள். திருச்செந்தூர், உடன்குடி பக்கம் தென்னை வைத்திருப்பவர்கள் தூரைக் குனிந்து பார்ப்பது நல்லது.

செத்த மரத்தை வேரோடு தோண்டி எரிக்க வேண்டும். நோய் கண்ட மரத்தைச் சுற்றிக் குழி வெட்டிப் பிரிக்க வேண்டும். அந்த மரத்துத் தண்ணீர் அடுத்த மரத்துக்கு ஓடக்கூடாது. மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு வைப்பதும், 1 சதவீத போர்டோ கலவையை 40 லிட்டர் தூரைச் சுற்றி ஊற்றுவதும் வேளாண்மைத் துறையினர் சொல்லும் வழிகள். வாழையை ஊடுபயிராகப் போடவும் சொல்கிறார்கள்.

சீனாவில் ராஜ மரியாதை

இந்தக் குடும்பத்தில் ஒரு பங்காளிக்குத்தான் சீனாவில் ராஜ மரியாதை. சுமார் 2 ஆயிரம் ஆண்டு பழமையான சீன மூலிகை நூலில் இது இடம் பெற்றிருக்கிறது. ஆயுளைக் கூட்டும், உடம்புக்குத் தெம்பு கொடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்தக் காலத்தில் இது காட்டில் அபூர்வமாகக் கிடைத்த சரக்கு. 1970-களில் ஜப்பானில் மரத்தூளில் வளர்க்கும் வழி பிடிபட்டது. அதன் பிறகு மூட்டை மூட்டையாக விளைந்தது. விளைந்ததை விற்க வேண்டுமே! மாத்திரையும் காபியும் பிறந்தன.

இது குழம்பு வைக்கிற காளான் அல்ல. கட்டை மாதிரி கெட்டி. வாயில் வைத்தால் கசப்பு. அதனால்தான் கஷாயமாகவோ பொடியாகவோ கொடுக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சீனாவில் வளர்ப்பதும் நம் தென்னந்தூரில் முளைப்பதும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் குடும்பத்தில் இனங்கள் பல. சீனத்துக் காளானுக்கு 2012-ல் “கானோடெர்மா லிங்சி” என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். ஆகவே தென்னை மரத்தில் இருப்பதைப் பிடுங்கிக் கஷாயம் போடும் வேலை வேண்டாம்.

சோதனையில் தேறியதா?

இந்தக் காளானில் சரக்கே இல்லை என்று சொல்ல முடியாது. “பீட்டா குளூக்கான்” என்ற ஒருவகை நார்ப்பொருள் இருக்கிறது. கசப்பைத் தரும் “ட்ரைட்டர்பீன்” பொருள்களும் உண்டு. ஆராய்ச்சிக்கூடத்துக் கண்ணாடிக் குழாயில் இவை நோய் எதிர்ப்பு அணுக்களைத் தட்டி எழுப்புவதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் கண்ணாடிக் குழாய் வேறு. மனுஷ உடம்பு வேறு.

உலகம் முழுவதும் நடந்த மருத்துவச் சோதனைகளைத் தேடிப் பிடித்துச் சலித்துப் பார்க்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் “காக்ரேன்”. புற்றுநோய்க்கு இந்தக் காளான் உதவுமா என்று 2012-ல் அது ஆராய்ந்தது. 2016-ல் மறுபடியும் பார்த்தது. கணக்கில் எடுக்கத் தகுதியாக இருந்தவை 5 சோதனைகள்தான். அதில் இருந்த நோயாளிகள் மொத்தம் 373 பேர்.

முடிவு என்ன? புற்றுநோய்க்கு முதல் மருந்தாக இதைக் கொடுக்க ஆதாரம் போதாது. கீமோ, கதிர்வீச்சு சிகிச்சையோடு துணையாகச் சேர்த்தபோது சிலருக்குப் பலன் சற்றுக் கூடியதாகத் தெரிந்தது. தனியாக இதை மட்டும் கொடுத்தால் கட்டி சுருங்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆயுள் நீளுமா என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் கொழுப்புக்கும் 2015-ல் இதே மாதிரி ஆராய்ந்தார்கள். 5 சோதனைகள், 398 பேர். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய ஆதாரம் இல்லை என்பதுதான் தீர்ப்பு.

ஈரலுக்கு ஆபத்து

“மூலிகைதானே, ஒன்றும் செய்யாது” என்பது அடுத்த பேச்சு. செய்யும்!

வாய் உலர்தல், குமட்டல், தலைசுற்றல், வயிற்றுப்போக்கு ஆகியவை சிலருக்கு வருகின்றன. பொடியாகச் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் கெட்டிருக்கிறது. இந்தக் காளான் பொடியோடு தொடர்புள்ள ஈரல் அழற்சியில் ஒருவர் இறந்தது பற்றி 2007-ல் தாய்லாந்து மருத்துவ இதழில் செய்தி வந்தது.

மாரடைப்பு, பக்கவாதம் வந்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு கூடலாம். சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது காளானில் இல்லை. விற்கிறவர் வாயில் இருக்கிறது.

“அண்ணாச்சி, இதை மூணு மாசம் சாப்பிடுங்க. சுகர் இருந்த இடம் தெரியாது. அந்த இங்கிலீஷ் மாத்திரைய எல்லாம் மெல்ல நிறுத்திருங்க...”

இதுதான் விஷம்! மாத்திரையை நிறுத்தினால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. “நல்லாத்தான் இருக்கு” என்று தோன்றும். உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். கால் புண் ஆறாது. கண் மங்கும். சிறுநீரகம் பழுதாகும். புற்றுநோய் என்றால் கேட்கவே வேண்டாம். ஆரம்பத்தில் குணப்படுத்த வாய்ப்புள்ள கட்டி, நாலைந்து மாதம் தள்ளிப் போனதால் கைமீறிப் போய்விடும். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடிப் பயன் என்ன?

இன்னொரு கொக்கியும் உண்டு. “நீங்களும் நாலு பேரைச் சேர்த்துவிடுங்க, கமிஷன் வரும்” என்பார்கள். நோயாளியே விற்பனையாளர் ஆகிவிடுவார். பிறகு அவர் வாயால் “பலன் இல்லை” என்று சொல்வாரா? மைனியிடமும் மதினியிடமும் சரக்கைத் தள்ளத்தான் பார்ப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்படி அளப்பவர்களைப் பிடிக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. மருந்து மற்றும் மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டம் என்று பெயர். அதன் பட்டியலில் 54 நோய்கள் இருக்கின்றன. புற்றுநோய், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இதய நோய், பக்கவாதம், சிறுநீரகக் கல் எல்லாம் அதில் உண்டு. இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்தால் முதல் தடவை 6 மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு ஆண்டு வரை உள்ளே போகலாம். நோட்டீசு, லேபிள் மட்டுமல்ல. வாயால் செய்யும் அறிவிப்பும் விளம்பரம் என்ற கணக்கில்தான் வரும்!

டப்பாவைத் திருப்பிப் பார்த்தாலே பாதி வேஷம் கலைந்துவிடும். சத்துணவுச் சரக்காக விற்கும் டப்பாவில் “மருத்துவ உபயோகத்துக்கு அல்ல” என்று அச்சிட வேண்டும் என்பது 2016-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதி. ஆக, டப்பா சொல்வது ஒன்று. விற்பவர் சொல்வது வேறொன்று. 14 இலக்க உணவு லைசென்சு எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த எண் இருந்தால் அது உணவு என்றுதான் அர்த்தம். மருந்து என்று சர்க்கார் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை.

வீடு தேடி வந்து விற்பவர்களுக்கு 2021-ல் தனி விதியே போட்டார்கள். அடையாள அட்டை வேண்டும். முன்கூட்டிச் சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும். ஆள் பிடிக்கும் சங்கிலி வியாபாரத்துக்குத் தடை. வாங்கினால் கட்டாயம் பில் கேளுங்கள். ஏமாந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

சிப்பி வாங்கினால் போதும்

காளான் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று ஆசையா? அதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம்.

சிப்பிக் காளானிலும் பீட்டா குளூக்கான் இருக்கிறது. வைக்கோலை வேகவைத்து பாலிதீன் பையில் அடைத்து வீட்டுக் கொட்டகையிலேயே வளர்க்கலாம். நம்ம வெயிலுக்கு ஏற்றது பால் காளான். “ஏ.பி.கே. 2” என்ற ரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்டது. பக்கத்து ஊரான அருப்புக்கோட்டையின் பெயர்தான் அந்த எழுத்துக்களில் இருக்கிறது.

100 கிராம் பச்சைக் காளானில் சுமார் 3 கிராம் புரதம் உண்டு. கொழுப்பு மிகக் குறைவு. சிறிது நேரம் வெயில் காட்டினால் வைட்டமின் டி சத்தும் ஏறும். மிளகு தட்டிப் போட்டு வதக்கினால் சர்க்கரைக்காரர்களுக்கும் ஏற்ற கறி. நோயைத் தீர்க்காது. வயிற்றைக் கெடுக்காது. பர்சையும் காலி செய்யாது.

தென்னை நோயோ, காளான் வளர்ப்போ, சந்தேகம் இருந்தால் வல்லநாடு கிள்ளிகுளத்தில் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. விசாரிக்கலாம். மழைக்கு முளைத்த பேர் தெரியாத காளானை மட்டும் யாரும் பறித்துச் சமைக்கக் கூடாது.

சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. கையில் இருக்கும் இலவச மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு, காசு கொடுத்து வினையை வாங்குவானேன்?

சித்த வைத்தியத்தில் முத்தைப் பற்பமாக்கிக் கொடுப்பது உண்டு. ஆனால் பற்பம் கொடுக்கும் வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பார். பத்தியம் சொல்வார். அளவு சொல்வார். பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வருகிற காளான் வியாபாரி எந்த நாடியைப் பிடித்துப் பார்த்தார்?

1961-ல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த ஊர் இது. எடுத்த சிப்பியில் எல்லாம் முத்து இருந்ததில்லை. கிடைத்த முத்தையும் சல்லடையில் சலித்து, தராசில் நிறுத்த பிறகுதான் விலை பேசினார்கள். டப்பா மருந்தை மட்டும் சலிக்காமல் வாங்கலாமா?