உதவித்தொகை வருவதற்குப் பின் நம்பர் எதற்கு?

திண்டிவனம் பக்கம் ஒரு காலனி. பி.எஸ்சி. இரண்டாமாண்டு படிக்கும் பெண்ணின் வீட்டு வாசலில் அன்று மாலை ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். ஏதோ துக்கம் என்று நினைத்துத்தான் போனேன். அந்தப் பெண்ணின் அம்மா திண்ணையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மகளிர் குழுவில் கடன் வாங்கி, மகளின் விடுதிச் செலவுக்காக வங்கியில் போட்டு வைத்திருந்த 14,500 ரூபாய் பத்து நிமிடத்தில் போய்விட்டது.

காலை பத்து மணிக்கு ஒரு அழைப்பு வந்திருக்கிறது. "ஆதிதிராவிடர் நலத்துறையிலிருந்து பேசுகிறோம். உங்கள் மகளுக்கு ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆகியிருக்கிறது. இன்றுதான் கடைசி நாள்" என்றான் ஒருவன். மகளின் பெயர், கல்லூரி, படிப்பு எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடு வந்தது. அதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் ஏறிவிடும் என்றான். அம்மா போட்டார். ஏற வேண்டிய பணம் இறங்கியது. "ஏதோ எரர், இன்னொரு முறை போடுங்கள்" என்றான். மறுபடியும் போட்டார்.

"உடனே யாரிடமாவது சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன்.

"ஆபீசர் கேக்கறாருன்னு நெனச்சேன் அண்ணே. ஆபீசர் கேட்டா இல்லன்னு சொல்ல முடியுமா? பணம் போச்சுன்னு தெரிஞ்சப்புறம் ஊரே சிரிக்குமேன்னு வாய மூடிக்கிட்டேன்."

எங்களுக்கு விஷயம் தெரியும்போது மாலை ஆறு மணி. இடையில் போன எட்டு மணி நேரமும் திருடனுக்குச் சாதகமாகிவிட்டது. அந்த அம்மா சொன்ன இரண்டு காரணங்களையும் நாம் யோசிக்க வேண்டும். ஒன்று, அதிகாரி என்றால் வரும் பயம். இன்னொன்று, ஏமாந்துவிட்டோம் என்கிற வெட்கம். நம் வீடுகளில் திருடர்கள் திறக்கும் பூட்டு இந்த இரண்டும்தான்.

இது நம் பணம்

உதவித்தொகை யாரோ மனமிரங்கிக் கொடுப்பது என்ற எண்ணம் இன்னும் நம் பெற்றோரிடம் இருக்கிறது. 1942 அக்டோபரில் வைசிராய் லின்லித்கோவிடம் அண்ணல் அம்பேத்கர் கொடுத்த மனுவில், பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்திலேயே, 1944-இல், இன்றைய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. போராடிப் பெற்ற உரிமை இது. இதற்காக யாருக்கும் நன்றிக்கடன் பட வேண்டியதில்லை. போனில் பேசுகிறவனுக்குப் பயப்படவும் வேண்டியதில்லை.

இன்று இத்திட்டத்தின் செலவில் மத்திய அரசு 60 சதவீதத்தையும் மாநில அரசு 40 சதவீதத்தையும் ஏற்கின்றன. பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. அதைப் பெற முன்பணம் கட்டத் தேவையில்லை. கியூஆர் கோடு தேவையில்லை. பின் நம்பரும் ஓடிபியும் தேவையில்லை. பின் நம்பர் என்பது பணம் கொடுப்பதற்கு மட்டுமே போடுவது. வாங்குவதற்கு அது ஒருபோதும் வேண்டாம். இந்த ஒரு வரியை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும், முக்கியமாகப் பாட்டிக்கும் அம்மாவுக்கும், சொல்லிக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் போனை வைத்துவிட்டு, கல்லூரி அலுவலகத்திலோ மாவட்ட நல அலுவலகத்திலோ நேரில் கேளுங்கள். உண்மையான அதிகாரி யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்தக் கணக்கை ஆதாருடன் இணைத்தோமோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். சிம் வாங்கும்போது வைத்த கைரேகையில் தெரியாமலே ஒரு பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு திறக்கப்பட்டு, சமையல் எரிவாயு மானியம் அங்கே போன கதை 2017-இல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. "ஸ்காலர்ஷிப் வரவில்லை" என்று அலையும் மாணவர்கள், எந்த வங்கி தங்கள் ஆதாருடன் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலோ வங்கியிலோ முதலில் பாருங்கள்.

கைரேகையும் ஒரு கையெழுத்துதான்

நூறு நாள் வேலைக் கூலியையும் முதியோர் பென்ஷனையும் பலர் ஊரிலேயே, வங்கியின் முகவராகக் கடை வைத்திருப்பவரிடம் கைரேகை வைத்து வாங்குகிறார்கள். வங்கிக்கு நடக்க வேண்டாம் என்பதால் வசதிதான். ஆனால் இதற்கு ஓடிபி வராது. ஆதார் எண்ணும் விரலும் போதும். "ரேகை விழவில்லை, இன்னொரு முறை வை" என்று சொல்லி இரண்டு முறை எடுத்துவிட முடியும். ஒவ்வொரு முறையும் ரசீது கேளுங்கள். மாதம் ஒருமுறை பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து, படிக்கும் பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் இருக்கிறது. ஆதாருடன் இணைத்த போன் நம்பர் இருந்தால் போதும். பூட்டினால், ரேஷன் கடையில் ரேகை வைப்பதற்கு முன் திறந்துகொள்ள வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

மாணவர்களைக் குறிவைத்து இன்னொரு வலையும் விரிக்கப்படுகிறது. "உன் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, மாதம் ஐயாயிரம் தருகிறேன்" என்பார்கள். திருடிய பணத்தைக் கடத்துவதற்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் உங்களுடையதாகிவிடும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கின் உரிமையாளரைத்தான். கணக்கு முடக்கப்படும். அதில் வர வேண்டிய உதவித்தொகையும் நின்றுபோகும். அரசு வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு ஒரு வழக்கு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் பெயரில் பிறர் கணக்கு நடத்துவது புதிதும் அல்ல. இமாச்சலப் பிரதேசத்தில் 2013 முதல் 2017 வரை பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு வந்த உதவித்தொகையில் சுமார் 250 கோடி ரூபாய் முறைகேடு நடந்ததாக 2019-இல் சிபிஐ வழக்குப் பதிந்தது. மாணவர்கள் பெயரில் கணக்குத் திறந்து, சில தனியார் கல்வி நிறுவனங்களே பணத்தை எடுத்துக்கொண்டன என்பது குற்றச்சாட்டு. எனவே கல்லூரியே கேட்டாலும் ஏடிஎம் கார்டையும் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையும் கொடுக்காதீர்கள்.

நகல் எங்கே போகிறது?

அந்த மாணவியின் விவரம் திருடனுக்கு எப்படிக் கிடைத்தது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் விண்ணப்பம் போடும் காலத்தில் பிரவுசிங் சென்டர்களின் கம்ப்யூட்டரில் நம் பிள்ளைகளின் ஆதார், சாதிச் சான்றிதழ், பாஸ்புக், போன் நம்பர் எல்லாம் வரிசையாகச் சேமிக்கப்பட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் கோப்பை அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் மின்னஞ்சலிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்திருங்கள். கெட்டுப்போன நகலைக் கிழித்துப் போடுங்கள். ஆதார் நகல் கேட்கும் இடங்களில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரை ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சாதிச் சான்றிதழ் நமக்கு இன்னொரு வகையிலும் முக்கியம். நகரத்தில் வாடகை வீடு தேடுகிற, புதிய அலுவலகத்தில் சேருகிற நம் பிள்ளைக்குத் தன் சாதியை யாரிடம், எப்போது சொல்வது என்பது அவரே முடிவு செய்ய வேண்டியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அது பணக்காரர்களுக்கு மட்டும் எழுதிய தீர்ப்பு இல்லை.

போய்விட்டால்?

உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். காவல் நிலைய வாசலில் காத்து நிற்க நம் மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இந்தப் புகாரை வீட்டிலிருந்தே சொல்லலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அதே நேரத்தில் வங்கிக்கும் சொல்லி, புகார் எண்ணை எழுதி வாங்குங்கள்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறொருவர் பணத்தை எடுத்திருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. நீங்களே பின் நம்பரையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை போன பணம் உங்கள் பொறுப்பு. புகாருக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் காசு என்கிறோம். புகார் கொடுத்து முப்பது நாளில் வங்கி பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரை அணுகுவது எப்படி என்று 14448 என்ற எண்ணில் கேட்கலாம்.

அன்று மாலையே அந்த அம்மாவை 1930-க்குப் பேச வைத்தோம். இரண்டாவது முறை போன தொகை மட்டும் எடுக்கப்படாமல் ஒரு கணக்கில் முடங்கிக் கிடக்கிறது. அதைத் திரும்ப வாங்க அலைந்துகொண்டிருக்கிறோம். முதலில் போனது போனதுதான்.

அடுத்த வாரம் மகளிர் குழுக் கூட்டத்தில் அவரே எழுந்து நடந்ததைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. தங்களுக்கும் இதே மாதிரி அழைப்பு வந்ததாக இன்னும் இரண்டு பெண்கள் சொன்னார்கள். அந்த வீட்டுச் சுவரில், பால் கணக்கு எழுதும் இடத்துக்கு மேலே, மகள் சாக்பீஸால் 1930 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள்.