எம்.எஸ். ப்ளூவில் ஒரு பாத்டப்!

அக்கா வீட்டு மாடி பாத்ரூமை இன்றைக்குப் பார்த்தால் அடையாளமே தெரியாது. சுவரெல்லாம் பிளாஸ்டிக் ஷீட், தரையெல்லாம் அட்டை. ஜன்னல் வழியே யானைத் தும்பிக்கை மாதிரி தடிமனாக ஒரு குழாய் வெளியே நீள்கிறது. உள்ளே ஒரு ஃபேன் ஓயாமல் இரைகிறது. நடுவே ஐந்தடி நீள வார்ப்பிரும்புத் தொட்டி. சிகாகோ புறநகரில் 1950களில் கட்டிய வீடு. வீட்டோடு பிறந்த தொட்டி. சாயங்காலத்துக்குள் அது எம்.எஸ். ப்ளூ ஆகப்போகிறது!

அதே எம்.எஸ். ப்ளூதான்! எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரைச் சொல்லிக் காஞ்சிபுரத்தில் நெய்கிற அந்த ஆழ்ந்த நீலம். அக்காவின் கல்யாணப் பட்டோடு வந்த ரவிக்கைத் துண்டு இத்தனை வருஷமாகத் தைக்காமல் பெட்டியிலேயே கிடந்தது. அதை எடுத்துவந்து, இந்த நிறம்தான் வேண்டும் என்று தொட்டிக்காரரிடம் நீட்டிவிட்டாள். தொட்டிக்காரர் என்பது அக்கா வைத்த பெயர். பழைய பாத்டப்களுக்குப் புது மேற்பூச்சு அடிப்பதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்கர். அவர் துணியைத் தடவினார், திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார். யார் இந்த எம்.எஸ். என்று கேட்டார். 1966-ல் நியூயார்க்கில் ஐ.நா. சபையில் பாடியவர் என்று சொன்ன கையோடு அக்கா போனில் பாட்டையும் போட்டுவிட்டாள். வேலை முடிகிறவரை அதை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் மனிதர்!

புதுசாகவே ஒன்று வாங்கிவிடலாமே என்று அத்தான் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். இந்தத் தொட்டியின் எடை ஏறக்குறைய 300 பவுண்டு. மாடிப்படி வழியாக முழுசாக இறக்க வழியில்லை. சம்மட்டியால் உடைத்துத் துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். சுற்றியுள்ள டைல்ஸும் கூடவே போகும். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

நேற்றுதான் பெரிய கூத்து. தொட்டி வெள்ளையாக இருந்ததா, அந்த வெள்ளை அங்கங்கே பொரிந்து உரிந்துகொண்டிருந்தது. முன்னால் இருந்தவர்கள் யாரோ அடித்த பூச்சு. தொட்டிக்காரர் பிளேடை அதன் விளிம்பில் சாய்த்துவைத்து ஒரு தள்ளு தள்ளினார். வாழை இலை அகலத்துக்கு வெள்ளைத் தோல் சுருண்டு வந்தது. கீழே...

"இங்க வாடி! சீக்கிரம் வந்து பாரு!" என்று அக்கா போட்ட சத்தத்தில் நான் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன்.

ரோஸ்! அசல், மாசுமருவற்ற ஐம்பதுகளின் ரோஸ்!

அந்த ரோஸுக்கு ஒரு சரித்திரமே உண்டு. அமெரிக்கக் குளியலறை ஒரு காலத்தில் வெள்ளையைத் தவிர வேறு எதையும் அறியாதது. 1927-ல் விஸ்கான்சின் மாநிலத்து கோலர் நிறுவனம் தொட்டி, வாஷ்பேசின் எல்லாவற்றையும் வண்ணத்தில் கொண்டுவந்தது. இளம்பச்சை, ஊதா, தந்த நிறம் என்று வரிசை தொடங்கியது. போருக்குப் பிறகு வந்தது ரோஸ் காலம். 1953-ல் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்ற இரவு விருந்துக்கு அவர் மனைவி மேமி ரோஸ் கவுனில் வந்தார். அந்த அம்மாளுக்கு ரோஸ் என்றால் உயிர். ஊரெல்லாம் புதுவீடு கட்டிக்கொண்டிருந்த நேரம். பாத்ரூமெல்லாம் ரோஸ் ஆனது. அப்புறம் அறுபது, எழுபதுகளில் அவகாடோ பச்சையும் கடுகு மஞ்சளும் வந்தன. அதற்கும் பிறகு எல்லாரும் வெட்கப்பட்டதுபோல வெள்ளைக்கே திரும்பிவிட்டார்கள். அக்கா வீட்டுத் தொட்டிக்கு வெள்ளை முக்காடு விழுந்ததும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்படியே ரோஸாகவே விட்டுவிடலாமா என்று ஒரு மணி நேரம் நாங்கள் தவித்தது உண்மை. 2023-ல் கோலர் தன் 150-ஆவது ஆண்டுக்குப் பழைய நிறங்களில் எது திரும்ப வேண்டும் என்று மக்களிடம் வாக்குக் கேட்டபோது ஜெயித்த இரண்டில் ஒன்று பீச்ப்ளோ என்கிற இளம் ரோஸ்தான். ஆனால் எங்கள் தொட்டியின் அடிப்பாகம் தேய்ந்து மங்கிப்போயிருந்தது. தண்ணீர் வடியும் வாய் அருகே சில்லுப் பெயர்ந்து துரு ஏறியிருந்தது. நீலம்தான் என்று அக்கா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இந்தத் தொட்டியின் மேல் வழவழவென்று இருக்கிறதே, அது பெயின்ட்டே இல்லை. கண்ணாடி! 1883-ல் கோலர் நிறுவனர் ஜான் மைக்கேல் கோலர், குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிற, பன்றியை வெந்நீரில் முக்குகிற வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்றை 1,700 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் காய்ச்சி, அதன்மேல் எனாமல் பொடியைத் தூவினார். பழுத்த இரும்பில் விழுந்த பொடி அங்கேயே உருகிக் கண்ணாடித் தோலாகப் படிந்தது. நான்கு கால் வைத்தால் குளியல் தொட்டி. அந்தக் கம்பெனியின் பாத்டப் வியாபாரம் பிறந்தது அப்படித்தான். செக்கச்சிவந்த இரும்பின்மேல் சல்லடையால் பொடியைச் சலித்து உருக்கும் அதே முறையில்தான் பின்னால் வந்த வார்ப்பிரும்புத் தொட்டிகளும் உருவாயின.

கண்ணாடியின்மேல் பெயின்ட் ஒட்டுமா? ஒட்டாது. முன்னால் அடித்த வெள்ளை உரிந்ததற்கு இதுதான் காரணம். ஆகவே இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுக்க நிறம் அடிப்பதற்கு முன்னாலேயே இருக்கிறது. தொட்டிக்காரர் சிலேன் என்ற ஒரு திரவத்தைத் துணியில் தொட்டு, சமையல் மேடையைத் துடைக்கிற மாதிரி சாதாரணமாகத் துடைத்துவிட்டுப் போனார். அந்த ஒரு துடைப்பில் என்ன நடக்கிறது தெரியுமா? சிலேன் மூலக்கூறின் ஒரு முனை கண்ணாடியோடு பிணைகிறது, மறுமுனை மேலே வரப்போகும் பூச்சோடு பிணைகிறது. கண்ணுக்கே தெரியாத கோடிக்கணக்கான கைகள், ஒரு கையால் அதையும் மறு கையால் இதையும் பிடித்துக்கொள்கின்றன! கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அதற்கும் முன்னால் நாள் முழுக்கத் தேய்ப்பு. சோப்புப் படலம் போக ஒரு கழுவல், உப்புக்கறை போக ஒரு கழுவல். பிறகு தண்ணீர் விட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம், தூசி பறக்கக் கூடாது. அதனால்தான் ஈரத் தேய்ப்பு. துருப்பிடித்த சில்லைச் சுரண்டிப் பட்டி வைத்தார், காய்ந்ததும் தேய்த்தார், மறுபடி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் வருடி, "இன்னும் தெரிகிறது" என்று மறுபடி தேய்த்தார். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை! ஓரத்து சிலிக்கானைத் துளிகூட மிச்சமில்லாமல் சுரண்டினார். சிலிக்கான் பிசுக்கு இருக்கும் இடத்தில் பூச்சு விலகி மீன் கண் மாதிரி குழி விழுமாம். கடைசியில் குழாய் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டினார். ஈரப் பூச்சின்மேல் ஒரு சொட்டு விழுந்தால் அத்தனையும் பாழ்.

இந்தக் குதூகலத்துக்கு நடுவில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய பூச்சைக் கரைக்க மெத்திலீன் க்ளோரைடு கலந்த மருந்தைப் பயன்படுத்துவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள்ளேயே தேங்கும். குனிந்து சுரண்டுகிறவரின் மூக்கு அந்தத் தேக்கத்துக்குள்தான் இருக்கும். 2000 முதல் 2011 வரை அமெரிக்காவில் இந்த வேலை செய்தவர்களில் 13 பேர் இப்படி இறந்திருப்பதாக 2012-ல் அரசின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யின் அறிக்கை சொன்னது. பாத்ரூமுக்குள், தொட்டியின்மேல் சாய்ந்தபடி! 2019-ல் பொதுமக்களுக்கு அந்த வகை மருந்தை விற்பதற்குத் தடை வந்தது. 2024-ல் தடை இன்னும் விரிந்தது. எங்கள் தொட்டிக்காரர் அதைத் தொடுவதே இல்லை. பிளேடும் பொறுமையும்தான் அவர் ஆயுதம். ஃபேனின் வாயையும் தொட்டியின் மட்டத்துக்கே இறக்கி வைத்திருந்தார்.

இன்று காலை நிறம் கலக்கும் படலம்! வாசல் திண்ணையில் ஒரு டப்பா. உள்ளே இருந்தது வெள்ளைப் பூச்சல்ல, நிறமேயில்லாத மூலப்பூச்சு. அதில் நீலச் சாயம், அப்புறம் கொஞ்சம் கறுப்பு, அப்புறம் ஊசி முனை அளவுக்குச் சிவப்பு. கலக்கினார். அட்டையில் ஒரு தீற்று அடித்து ரவிக்கைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அக்கா தலையை ஆட்டினாள். இது ஆனந்தா ப்ளூ. அடுத்த தீற்று. இது ஸ்கூல் யூனிஃபார்ம். அடுத்தது. ஈரத்தில் சரியாக இருந்தது, காய்ந்ததும் கறுத்துவிட்டது. இன்னும் ஒரு துளி சிவப்பு. அட்டையை நிழலில் வைத்தார், வெயிலில் வைத்தார், பாத்ரூம் பல்பின் கீழேயும் கொண்டுபோய் வைத்தார். அக்கா ஒன்றும் பேசவில்லை. துண்டை எடுத்து அட்டையின்மேல் போட்டாள். ஓரம் எங்கே முடிகிறது, அட்டை எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது.

"இதுதான்டி! அப்படியே இதுதான்!"

ஹார்ட்னர் கலந்த நிமிஷத்திலிருந்து பூச்சு இறுக ஆரம்பித்துவிடும். இனி நிற்க நேரமில்லை. யாரும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்றார். இந்த வகை யூரித்தேன் பூச்சின் புகை மூச்சுக்குழலுக்கு ஆகாது; அவருக்கே வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் முகமூடி. அப்படியானால் நாங்கள் எப்படிப் பார்ப்பது? அக்கா மகன் வழி கண்டுபிடித்தான். பழைய போன் ஒன்றைக் கண்ணாடித்தாளில் சுற்றி அலமாரியில் சாய்த்துவைத்து வீடியோ கால் போட்டான். தோட்டத்தில் நின்றபடி நாங்கள் அத்தனை பேரும் ஒரே திரையில் தலையை நுழைத்துக்கொண்டோம்.

ப்ரைமர் முன்பே காய்ந்து சாம்பல் நிறத்தில் நின்றது. ஸ்ப்ரே கன் உள் சுவரில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, நிதானமாக, ஒரே தூரத்தில் நகர்ந்தது. ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் பாதியை மூடிக்கொண்டு போனது. முதல் பூச்சில் சாம்பலும் நீலமும் கலந்த மூட்டம். "ஐயோ, திட்டுத்திட்டா இருக்கே" என்றார் அத்தான். இரண்டாவது பூச்சில் நிறம் நிரம்பியது. மூன்றாவது பூச்சில், எப்படிச் சொல்வேன், தெறித்த துளியெல்லாம் ஒன்றோடொன்று கூடி வழிந்து ஒரே பரப்பாகி, மேலே எரிந்த விளக்கு அதற்குள் முழுசாகத் தெரிந்தது! அக்கா கைதட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவரையும் கூப்பிட்டுக் காட்டினோம்.

இரண்டு நாள் தண்ணீர் படக் கூடாது. பிறகு புது சிலிக்கான், புது வடிகால் மூடி. ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் மேட் போடவே கூடாது. உறிஞ்சி உறிஞ்சிப் பூச்சைப் பெயர்த்துவிடும். கரகரப்பான பொடியால் தேய்க்கவும் கூடாது. அடர்ந்த நிறத்தில் சோப்புக்கறையும் உப்புத்தண்ணீர்த் தடமும் பளிச்சென்று தெரியும், குளித்ததும் துடைக்க வேண்டும். சோம்பேறிகளுக்கு வெள்ளையே நல்லது என்பது என் அபிப்பிராயம். அக்கா துடைப்பாள்.

வெளிநாட்டில் பழைய வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வார்ப்பிரும்புத் தொட்டி இருந்தால் உடைப்பதற்கு ஆள் கூப்பிடாதீர்கள். மேற்பூச்சுக்காரரைக் கூப்பிடுங்கள். பழைய பூச்சை எதை வைத்து எடுப்பீர்கள், புகை எந்த வழியாக வெளியே போகும் என்ற இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். மெத்திலீன் க்ளோரைடு என்று பதில் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சரியான ஆள் கிடைத்துவிட்டால், பெட்டியைத் திறந்து உங்களுக்குப் பிடித்த ரவிக்கைத் துண்டை எடுத்து நீட்டுங்கள்.