விரல் வாசிக்கும் வரி: பிரெயில் நோட்டேக்கர் வாங்குமுன்



பார்வையற்ற மகனோ மகளோ உள்ள வீட்டில் 'பிரெயில் நோட்டேக்கர்' என்ற பெயர் பெரும்பாலும் பொதுத்தேர்வு நெருங்கும் நாட்களில்தான் காதில் விழுகிறது. ஓர் ஆசிரியர் சொல்லுவார். அல்லது வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் அங்கே கண்டதாக எழுதுவார். விலையைக் கேட்டவுடன் சிலர் அந்தப் பேச்சையே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலரோ, பிள்ளைக்கு நல்லது என்று கடன்பட்டாவது வாங்கிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் அது அலமாரியில் தூங்குகிறது. இவ்விரண்டும் நேராதபடிக்கு, வாங்குமுன் எதைக் கேட்கவேண்டும், எதைச் சோதிக்கவேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலாவது, அது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கையில் அடங்கும் ஒரு பெட்டி. மேலே பிரெயில் தட்டச்சுக்குரிய ஆறு விசைகளும் இடைவெளி விசையும் உண்டு. கீழே ஒற்றை வரியாகச் சிறு கட்டங்கள். இவற்றை 'செல்' என்பார்கள். ஒவ்வொரு செல்லிலும் நுண்ணிய ஊசிகள் எழும்பித் தாழ்ந்து பிரெயில் எழுத்தாக நிற்கும். விரலால் வரியைத் தடவி வாசித்துப் பொத்தானை அழுத்தினால் அடுத்த வரி எழும்பும். எழுதியதைச் சேமிக்கலாம், தேடலாம், திருத்தலாம். புளூடூத் வழியாகக் கைப்பேசியோடும் கணினியோடும் இணைக்கலாம்.

விலை ஏறுவதற்குக் காரணம் இந்த ஊசிகளே. வழக்கமான கருவிகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பீசோ பட்டை உண்டு. மின்னழுத்தம் பாய்ந்தால் அது வளைந்து ஊசியைத் தூக்கும். ஒரு செல்லுக்கு எட்டுப் புள்ளிகள் என்றால், 40 செல்லுக்கு 320 பட்டைகள். கண்ணாடித் திரையைப்போல இவற்றைக் கோடிக்கணக்கில் எவரும் செய்வதில்லை. ஆகவே 32 செல் கொண்ட முழு வசதியுள்ள நோட்டேக்கர் இன்றும் சில இலட்ச ரூபாய் ஆகிறது.

"கைப்பேசிதான் பேசுகிறதே, பிரெயில் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். குரல் ஒரு பெரிய உதவி. ஆனால் காது ஒரே நேரத்தில் இரண்டு குரல்களைக் கேட்பதில்லை. வகுப்பில் ஆசிரியர் பேசும்போதும், சபையில் பிரசங்கம் நடக்கும்போதும், காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்ட பிள்ளை ஏதாவது ஒன்றை இழக்கிறது. விரலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மேலும், கேட்டு மட்டுமே வளர்ந்த பிள்ளைக்கு 'பள்ளி'க்கும் 'பல்லி'க்கும் உள்ள எழுத்து வேறுபாடு பிடிபடுவது கடினம். வாக்கியம் எங்கே முடிகிறது, பெயரில் ஒற்று உண்டா இல்லையா என்பதெல்லாம் விரலில் பட்டால்தான் நிலைக்கும். கேட்பது கல்விக்கு உதவுகிறது. ஆயினும் எழுத்தறிவு என்பது எழுத்தைத் தொட்டோ கண்டோ வருவது.

இங்கே நம்முடைய வீடுகளுக்கென்று ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. பிள்ளையின் பார்வைக்காக ஜெபித்துக் காத்திருக்கும் பெற்றோரில் சிலர், பிரெயில் கற்பித்தால் அவிசுவாசமாகிவிடுமோ என்று தயங்குகிறார்கள். ஜெபத்தை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் ஆறு வயதில் விரல் கற்கவேண்டியதைப் பதினாறு வயதில் கற்பது மிகவும் பாடு. பாளையங்கோட்டையில் 1890 ஆம் ஆண்டு பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கிய மிஷனெரி செல்வி ஆஸ்க்வித் ஜெபிக்கத் தெரியாதவர் அல்லவே!

இனி, தெரிவு செய்யும் காரியத்துக்கு வருவோம். விற்பவர் கருவியை ஆங்கிலத்தில் இயக்கிக் காட்டுவார். 20 செல் போதும் என்றே தோன்றும். ஏனென்றால் ஆங்கிலப் பிரெயிலில் சுருக்கெழுத்து உண்டு. மூன்றெழுத்துள்ள 'தி' என்ற சொல் ஒரே செல்லில் அடங்கிவிடும். தமிழ் அப்படியல்ல. பொதுவாகக் கற்பிக்கப்படும் முறையில் மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனியாக ஒரு செல், உயிர்க்குறிக்குத் தனியாக ஒரு செல். 'பெங்களூரு' என்பது நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. பிரெயிலில் ஒன்பது செல். 'பாளையங்கோட்டை' ஏழெழுத்து, பிரெயிலில் பதின்மூன்று செல். 20 செல் கருவியில் அந்த ஊரின் பெயரும் அதையடுத்து ஒரு சிறு சொல்லும் வந்தால் வரி நிறைந்துவிடும். ஒரு பக்கத்தை வாசிக்கப் பிள்ளை எத்தனை முறை பொத்தானை அழுத்தவேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். குறிப்பெடுக்கவும் பாட்டுப்புத்தகம் வாசிக்கவும் 20 செல் போதும். ஆனால் நாள்தோறும் தமிழில் நெடுநேரம் வாசிப்பவருக்கு 32 அல்லது 40 செல் ஆடம்பரம் அல்ல, தேவை.

பிழைப்புக்காகத் தமிழகத்திலிருந்து இங்கே வந்த குடும்பங்களுக்கு இன்னொன்றும் உண்டு, இது நற்செய்தி. பள்ளியில் கன்னடம், வீட்டிலும் சபையிலும் தமிழ், நாளைய வேலைக்கு ஆங்கிலம் என்று மூன்று மொழிகளைப் பிள்ளை சுமக்கவேண்டும். கண்ணுள்ள பிள்ளை மூன்று வகை எழுத்துக்களைப் புதிதாகப் படிக்கவேண்டியிருக்க, பார்வையற்ற பிள்ளைக்கு அந்தப் பாரம் குறைவு. 1951 இல் இந்திய மொழிகளுக்கென்று ஏற்கப்பட்ட பாரதி பிரெயில், ஒரே ஒலிக்கு ஒரே புள்ளிகளை வைத்தது. 'க' என்றால் 1, 3 ஆகிய புள்ளிகள்; தமிழிலும் அதுவே, கன்னடத்திலும் அதுவே, இந்தியிலும் அதுவே. ஆங்கிலத்தின் 'கே' எழுத்தும் அதே இரு புள்ளிகள்தான். கன்னடத்துக்கே உரிய சில ஒலிகளைக் கூட்டிக்கொண்டால் போதும். ஆனால் கருவி அதைச் செய்யவேண்டுமே! தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மூன்றுக்கும் அதனுள்ளே மாற்று அட்டவணை இருக்கிறதா, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதாகத் தாவமுடிகிறதா என்று கேளுங்கள். 'இந்திய மொழிகள் உண்டு' என்ற பொதுவான விடையோடு திருப்தியடையாதீர்கள். அது சிலவேளை இந்தி மட்டும் என்று பொருள்படும். ழ, ள, ற, ன ஆகிய எழுத்துக்கள் வரும் வாக்கியத்தைக் கொடுத்து, பிரெயில் அறிந்தவரைக்கொண்டு வாசித்துப்பாருங்கள்.

அடுத்தது பலரும் அறியாத ஒரு தடை. நம் சபைப் பாட்டுக்களும் வேதபாடக் குறிப்புகளும் பல இடங்களில் இன்னமும் பாமினி முதலான பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவை திரையில் தமிழாகத் தோன்றினாலும் கணினிக்கு அவை ஆங்கில எழுத்துக்களே. பாமினியில் 'அம்மா' என்று அடித்திருந்தால், கருவி 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று ஊசிகளை எழுப்பும். பிள்ளை தடவிப்பார்த்துவிட்டு, கருவி கெட்டுவிட்டது என்று சொல்லும். கெட்டது கருவி அல்ல. அந்தக் கோப்பை யூனிகோடாக மாற்றவேண்டும். அதற்கு இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. சபையில் கணினி அறிந்த வாலிபர் ஒருவர் ஓரிரு சனிக்கிழமைகள் உட்கார்ந்தால் பாட்டுப்புத்தகம் முழுவதும் முடிந்துவிடும். படமாக ஸ்கேன் செய்த பக்கமும் இப்படியே. எழுத்துணரும் மென்பொருளால் எழுத்தாக்கித் திருத்தினாலொழிய பயன்படாது.

சந்தையில் உள்ளவற்றை இரண்டு வகையாகக் கொள்ளலாம். முதல் வகை, தானே ஒரு கணினியாக இயங்கும் முழு நோட்டேக்கர். 1987 இல் அமெரிக்காவில் பிளேசி நிறுவனம் வெளியிட்ட 'பிரெயில் அண்ட் ஸ்பீக்' இவ்வகைக்கு முன்னோடி. வேடிக்கை என்னவென்றால் அதில் ஊசி வரியே இல்லை, பிரெயிலில் எழுதினால் குரலில் பதில் சொல்லும். பிற்பாடு வந்த பிரெயில்நோட், கொரியாவின் பிரெயில்சென்ஸ் ஆகியவை ஊசி வரியோடு மின்னஞ்சல், இணையம், நாட்காட்டி எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்தன. வசதி உண்மைதான். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் கணினி, ஊசிகளைவிட விரைவாக மூப்படைகிறது. 2018 இல் வந்த பிரெயில்நோட் டச் பிளஸ், ஆண்ட்ராய்டு 8.1 பதிப்பில் இயங்கியது. அதே பதிப்புள்ள கைப்பேசியை இன்று நீங்கள் காசு கொடுத்து வாங்குவீர்களா?

இரண்டாவது வகை, வாசிப்பும் எழுத்தும் மட்டும் தானே செய்து, மற்றவற்றுக்குக் கைப்பேசியைச் சார்ந்திருக்கும் எளிய கருவி. பல நாட்டுத் தொண்டமைப்புகள் கூடி விலையைக் குறைக்கும் நோக்கத்தோடு உருவாக்குவித்த ஆர்பிட் ரீடர் 20 இவ்வகையில் பேர்பெற்றது. 2016 இல் அறிவிக்கப்பட்ட இக்கருவி, விற்பனைக்கு வந்தபோது அமெரிக்காவில் ஏறத்தாழ 500 டாலருக்குக் கிடைத்தது. எடை அரைக்கிலோவுக்கும் குறைவு. பேட்டரியை நாமே மாற்றலாம். குறைகளும் உண்டு. வரி மாறும்போது சத்தம் கேட்கும். பீசோ கருவியைவிடச் சற்றுத் தாமதமாக மாறும். நம் ஆராதனையில் அந்தச் சத்தத்தை யார் கேட்கப்போகிறார்கள்! தேர்வு அறையில் கேட்பார்கள். மேலும், முதலில் வந்த ஆர்பிட் ரீடர் 20 சாதாரண எழுத்தைத் தானாகப் பிரெயிலாக மாற்றாது; கணினியில் மாற்றியே கொடுக்கவேண்டும். அதன் 'பிளஸ்' வகை தானே மாற்றும். பழைய கருவி கைமாறி வரும்போது இதைக் கவனியுங்கள். மும்பையிலிருந்து வந்த பிரெயில்மீ கருவியும் 20 செல் உள்ளதே.

என் எண்ணத்தில், பெரும்பாலான மாணவருக்கு இரண்டாம் வகையும் ஒரு நடுத்தரக் கைப்பேசியும் சேர்ந்ததே புத்தியுள்ள தெரிவு. கைப்பேசி பழையதானால் அதைமட்டும் மாற்றலாம். ஊசி வரி நிற்கும். முழு நோட்டேக்கர், சம்பளம் வாங்கும் வேலையில் இருந்து, நாள் முழுவதும் ஆவணங்களோடு புழங்குபவருக்குப் பொருந்தும்.

நம்முடைய பட்டணத்திலேயே பிறந்த கருவிகளும் உண்டு. திங்கர்பெல் லேப்ஸ் உருவாக்கிய 'ஆனி' பிள்ளைகளுக்குப் பிரெயில் கற்பிக்கிறது. ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆனி சல்லிவனின் பெயரையே அதற்கு வைத்தார்கள். வெம்பி டெக்னாலஜீசின் 'ஹெக்சிஸ்' பிள்ளைகள் பிரெயில் புத்தகம் வாசிப்பதற்கென்று செய்யப்பட்டது. கற்பிக்கும் கருவி வேறு, வாசிக்கும் கருவி வேறு, குறிப்பெடுக்கும் கருவி வேறு. பெயரில் பிரெயில் இருப்பதால் ஒன்றை வாங்கி மற்றொன்றை எதிர்பார்க்கவேண்டாம்.

சிறு பிள்ளைக்கோ இவை எதுவும் முதலில் வேண்டாம். சிலேட்டும் ஊசியும், பிறகு பெர்கின்ஸ் தட்டச்சுப் பொறியும், தடித்த காகிதமுமே தொடக்கம். காகிதத்தில் பிள்ளை பக்கம் என்பதை உணரும்: தலைப்பு மேலே, பத்தி உள்தள்ளி, பட்டியல் கீழ்நோக்கி. ஒற்றை வரிக் கருவியில் அந்த உணர்வு வராது. கூட்டல் கழித்தலும் ஒற்றை வரியில் சரிப்படாது. அதற்கு டெய்லர் பிரேம் இருக்கிறது. பெர்கின்ஸ் பொறி ஏறத்தாழ 5 கிலோ எடை; நகரப் பேருந்தில் சுமப்பது கடினமே. ஆனாலும் உழைக்கும். வேலூரை அடுத்த காட்பாடியில், தொழுநோயிலிருந்து குணமானோரின் மறுவாழ்வுக்காகத் தொடங்கப்பட்ட வொர்த் டிரஸ்ட் பணிமனையில் அவை செய்யப்பட்டு வருகின்றன என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. சர்க்கரை நோயினால் முதிர்ந்த வயதில் பார்வை இழந்த தகப்பனாருக்கும், அவர் பிரெயில் கற்க வாஞ்சித்தாலொழிய, இக்கருவியை வாங்கவேண்டாம். பேசும் கைப்பேசியே அவருக்கு உதவும்.

புத்தகங்களுக்குக் குறைவில்லை. 2012 இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பார்வையற்றோர் வாசிக்கும் வடிவில் நூல்களை மாற்ற இடங்கொடுத்தது. மராகேஷ் உடன்படிக்கையை 2014 இல் முதலாவது ஏற்றுறுதி செய்த நாடும் இந்தியாவே. 2016 இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் உறுப்பினராகிப் பல மொழி நூல்களை இறக்கிக்கொள்ளலாம்.

பணத்தைக் கட்டுமுன், பிள்ளையின் ஊனமுற்றோர் அடையாள அட்டையையும் வருமானச் சான்றையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு, மத்திய அரசின் அடிப் என்னும் உதவித் திட்டத்தில் இக்கருவிக்கு இடமுண்டா என்று விசாரியுங்கள். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் உள்ள மித்ர ஜோதி, பார்வையற்றோர் தேசிய சங்கத்தின் கர்நாடகக் கிளை ஆகியவற்றில் பிரெயில் அறிந்தவர்களைச் சந்திக்கலாம். அங்கே கருவியை நாள்தோறும் பயன்படுத்துகிறவர் எவரேனும் உண்டா என்று கேட்டு, அவரோடு பேசுங்கள். விற்பவரின் பத்து வார்த்தையைவிட அவருடைய ஒரு வார்த்தை பெறும்.

கருவியைப் பார்க்கப் போகும் நாளில் பிள்ளையைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் மூன்று கோப்புகள் இருக்கட்டும்: கன்னடப் பாடத்தின் ஒரு பக்கம், ஆங்கிலப் பாடத்தின் ஒரு பக்கம், யூனிகோடில் ஒரு தமிழ்ப் பாட்டு. கையைக் கழுவித் துடைத்தபின் பிள்ளையின் விரல்கள் அரைமணி நேரம் அதன்மேல் இருக்கட்டும். நீங்கள் பேசாமல் பக்கத்தில் இருங்கள். ஊசி தாழ்ந்து நின்றுவிட்டால் பழுதுபார்ப்பது பெங்களூருவிலா, வேறு ஊரிலா, வெளிநாட்டிலா என்றும், அந்த நாட்களில் மாற்றுக் கருவி தருவார்களா என்றும் கேட்டு, விடையை ரசீதின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.